வாடாமல்லியின் கோடைக் கவாத்து
கோடைக் கவாத்து என்பது, ஓராண்டுக்குள் வாழ்வை முடித்து, உதிர்த்த விதையிலிருந்து தானே மறுபடி முளைக்கும் பூச்செடிகளை வெயில் காலத்தில் ஓரளவு வெட்டி, விதைக்குச் செல்லும் சத்தைப் புதுக்கிளைகளுக்குத் திருப்பும் தோட்டக்கலை முறையாகும். திருவள்ளூர் மாவட்டத்தின் வெப்பத்துக்கு இம்முறையில் நன்கு ஈடுகொடுக்கக்கூடியது வாடாமல்லி; நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கீரைக் குடும்பச் செடி, கடும் வெப்பத்திலும் ஒளிச்சேர்க்கை குன்றாத சி4 வகையைச் சேர்ந்ததாகையால், நீர் கிடைக்கும் வரை மே மாதக் கத்திரி வெயிலையும் தாங்கும். பூவெனக் கருதப்படும் அதன் உருண்டை, உண்மையில் வண்ணமேறிய பூவடிச் செதில்களின் தொகுப்பே. சிறு பூக்களும் பின்னர் விதைகளும் அவற்றினிடையே ஒளிந்திருக்கும்.

முதல் நாள் நீர் பாய்ச்சி, மறுநாள் வெயில் தாழ்ந்தபின், உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மிகாமல், இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டுதல் நலம். இலையற்ற அடித்தண்டு வரை வெட்டப்பட்ட செடி பெரும்பாலும் துளிர்க்காமல் பட்டுப்போகும். சில தலைகளை முற்றவிட்டால், உதிரும் விதை பின்வரும் மழையில் முளைக்கும். மாறாக, இவ்வாறே தானே முளைக்கும் மற்றொரு பூச்செடியான, சதைப்பற்றான தண்டுடைய காசித்தும்பைக்குக் கடுங்கவாத்து ஒவ்வாது. தொட்டதும் வெடிக்கும் காய்கள் விதையைச் சிதறடித்தபின் செடியைப் பிடுங்கிவிடுவதே முறை.