பழவேற்காட்டில் ஒரு பன்னாட்டுக் கம்பெனி: டச்சுத் துணி வணிகத்தின் ஏற்றமும் இறக்கமும், 1610–1690

கிராம்பும் சாதிக்காயும் தேடி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போன டச்சுக்காரர்கள் அங்கே விரைவிலேயே கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு: தீவு மக்கள் வெள்ளிக் காசைவிடத் துணியையே அதிகம் விரும்பினார்கள். அந்தத் துணி சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது. சாய்வேரின் சிவப்பு ஏறிய சித்திரத் துணிகளைப் போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே பழவேற்காட்டுக் கப்பல்கள் மலாக்காவுக்கு ஏற்றிச் சென்றன. 1602இல் பங்குதாரர்களின் பணத்தில் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பழைய சந்தைக்குப் பிந்தி வந்து சேர்ந்தது. சோழமண்டலத்தை, மசாலா விளையும் மொலுக்கஸ் தீவுகளின் இடக்கை என்று 1612இல் கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் வருணித்தார். இங்கிருந்து துணி போகாவிட்டால் அங்கே வணிகமே நடக்காது என்பது அவர் கருத்து.

இந்த வரலாற்றைக் கோட்டைகளின் கதையாகவும் கடற்போர்களின் கதையாகவும் எழுதுவது வழக்கம். கிடைக்கும் செய்திகளைக் கோத்துப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. கம்பெனி ஒவ்வொரு சிக்கலுக்கும் கண்ட தீர்வே அதன் அடுத்த சிக்கலாக வளர்ந்தது.

முதல் சிக்கல், காலூன்ற இடம். கோல்கொண்டா ஆட்சியிலிருந்த மசூலிப்பட்டினத்தில் 1606இலும், தேவனாம்பட்டினத்தில் 1608இலும் கம்பெனி பண்டகசாலை வைத்தது. விஜயநகர மரபின் வேங்கடபதி ராயர் 1610இல் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதி தந்தார். சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் இதைப் பொறுக்கவில்லை. 1612இல் வந்து பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டு அங்கே கோட்டை எழுந்தது. கம்பெனி அதிகாரி வெம்மர் வான் பெர்ச்செம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து அதற்கு ஜெல்டிரியா என்று பெயரிட்டார். ராயர் 1614இல் இறந்தபின் அரசுரிமைப் போர் மூண்டு நாடே கலங்கியபோது இந்த மதில்கள் பயன்பட்டதை மறுக்க முடியாது. ஆனால் கோட்டை வந்த நாள்முதல் காவற்படைச் சம்பளம், பீரங்கி, வெடிமருந்து எல்லாம் துணியின் விலையில் ஏறின. டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் 1619இல் செய்த ஒப்பந்தப்படி 1621இல் இங்கு வந்த ஆங்கிலேயர் கோட்டைச் செலவில் பாதியை ஏற்க வேண்டியிருந்தது. துணி கிடைப்பதோ அரிது. 1623இலேயே அவர்கள் வெளியேறினார்கள்.

சந்தையை அறிவது அடுத்த பாடு. தீவுக்குத் தீவு ரசனை மாறும். ஓரிடத்தில் விரும்பி வாங்கப்படும் கரையும் நிறமும் வேறிடத்தில் சீந்துவாரின்றிக் கிடக்கும். அதனால் மாதிரித் துணிகள் கம்பெனியின் ஆசியத் தலைமையகமான பத்தேவியாவிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்து, இங்கிருந்து உள்நாட்டு நெசவூர்களுக்குப் போயின. துணி நெய்து, சாயமிட்டு, வெளுத்துக் கரைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கப்பல்களோ முகத்துவார மணல்திட்டைத் தாண்ட முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பொதிகளைப் படகில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

தறிக்காரரோடு நேரே பேசக் கம்பெனிக்கு மொழியும் தெரியாது, உறவும் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பலிஜச் செட்டி வணிகர்கள். டச்சு ஆவணங்கள் ‘மலயா’ என்று குறிப்பிடும் அச்சுதப்பச் செட்டி இவர்களில் முதன்மையானவர். முன்பணம் பெற்று நெசவூர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, குறித்த நாளில் சரக்கைச் சேர்ப்பது, நாயக்கர்களிடம் கம்பெனிக்காகப் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு நிலவரிக் குத்தகை எடுத்தார். சொந்தக் கப்பல்களும் ஓட்டினார். 1634இல் அவர் இறந்தபின் தம்பி சின்னண்ணா அந்த இடத்துக்கு வந்தார். கம்பெனியின் பணமும் பெயரும் அவரை வளர்த்தன. வளர்ந்த செல்வாக்கு அவரை அரசவை வரை கொண்டு சென்றது. 1645இல் விஜயநகர அரசர் மூன்றாம் சீரங்கராயர் சார்பில் பழவேற்காட்டை முற்றுகையிட்ட படைக்குப் பின்னால் நின்றவர் இதே சின்னண்ணாதான். இதைத் துரோகம் என்று கம்பெனி சொல்லலாம். அவர் கணக்கில் கம்பெனி பல வாடிக்கையாளர்களில் ஒன்று, அவ்வளவே. நூற்றாண்டின் பிற்பாதியில், தனியொருவர் கையில் எல்லாம் சேராதபடி பல வணிகர்களைக் கூட்டுப் பங்கில் இணைக்கும் முறைக்கு டச்சுக்காரர்கள் மாறினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் 1680இல் அதையே பின்பற்றினார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி கடலுக்கு அப்பால் விழுந்தது. அதைக் கொடுத்ததும் கம்பெனியேதான். 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பண்டா தீவுகளைப் பிடித்து, அந்த மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் விரட்டியும் சாதிக்காய் முழுவதையும் வசப்படுத்தினார். பின்னர் மொலுக்கஸில் ஏகபோகத்துக்கு வெளியே வளர்ந்த கிராம்பு மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. விளைவித்தவருக்குக் கிடைத்த விலையும் இறங்கியது. பழவேற்காட்டுத் துணியை வாங்கியவர்கள் அந்த மக்களே. அவர்கள் கையில் காசு குறைந்தபோது சோழமண்டலத் துணியை விட்டு, தாங்களே நெய்த முரட்டுத் துணிக்குத் திரும்பினார்கள். தன் ஏகபோகத்தால் கம்பெனி தன் வாடிக்கையாளரையே ஏழையாக்கியது.

இன்னொரு சரக்கையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் தங்களையும் பிள்ளைகளையும் விற்க நேர்ந்தவர்களைப் பழவேற்காட்டிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் பத்தேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிச் சென்றன. 1646ஐ ஒட்டிய கொடும் பஞ்சம் அந்த ஏற்றுமதியைப் பெருக்கியது. தறியில் இயங்க வேண்டிய கைகளும் அந்தக் கப்பல்களில் போயின.

அதே ஆண்டுகளில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இந்தப் பகுதியை வென்றார். அவருக்கும் சொந்தக் கப்பல்கள் இருந்தன. வரி வாங்கும் ஆட்சியாளரே துணி வணிகத்தில் போட்டியாளராகவும் நின்றால் வெளிநாட்டுக் கம்பெனி யாரிடம் முறையிடுவது? அதற்கு முன்பே, 1639இல், தெற்கே மதராசப்பட்டினத்தில் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் ஆங்கிலேயர் இடம் பெற்றிருந்தார்கள். அங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பது ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சொன்ன காரணங்களில் ஒன்று. குடியேறுவோருக்கு வரிவிலக்கும் அளித்ததால் நெசவாளரும் வணிகரும் அங்கே குடிபெயர்ந்தார்கள். 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை வென்றபின் உள்நாட்டுப் பாதைகள் மேலும் குலைந்தன. 1690இல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் பழவேற்காடே ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற துறைகளிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் அச்சே, கெடா துறைகளுக்குத் துணியோடு போய்வந்துகொண்டிருந்தன. கோட்டைச் செலவு அவர்களுக்கு இல்லை. சிறு லாபத்துக்கும் விற்க முடிந்தது. போன இடத்தில் மணம் முடித்து, அங்கத்திய மொழி பேசி, ரசனை மாறும்போதே அதை அறிந்தார்கள். கம்பெனியின் அனுமதிச் சீட்டும் மலாக்காவில் அது வைத்த காவலும் அவர்கள் வழியை மறித்தபோது, டச்சுப் பிடிக்குள் வராத துறைகளைத் தேடிப் போனார்கள்.