புஷ் வண்டியும் மின்பலகையும்

கருவடிக்குப்பத்திலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஒன்று வாங்கினார். நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை. அடியில் மின்கலமும் மோட்டாரும். கையில் அடங்கும் ஒரு விசை. பலகைமேல் நின்று உடலைச் சாய்த்தால் அது திரும்புகிறது. 'நாள்தோறும் இதிலேயே ஊருக்குள் வந்து போகலாமா, ஐயா?' என்று அவர் கேட்டபோது, தமிழ் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியா இது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது.

பாரதி பூங்காவை ஒட்டிச் செயிண்ட் லூயி வீதியில் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் அங்குள்ள பழைய வண்டிகளிடையே 'புஸ்-புஸ்' என்பதைக் கண்டிருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் 'பூஸே' என்றால் தள்ளுதல். பிரெஞ்சு ஆட்சி நடந்த பிற இடங்களில் ஆள் இழுக்கும் ரிக்‌ஷாவுக்கும் இதே பெயர் வழங்கியது. இழுப்பதைத் தள்ளுவது என்று அழைத்தார்கள். புதுச்சேரியிலோ பெயருக்குப் பொருத்தமாக வண்டி உண்மையாகவே தள்ளப்பட்டது. ஆள் பின்னால் நின்று தள்ளுவார். உள்ளே அமர்ந்தவர் முன்னாலிருக்கும் கைப்பிடியைப் பற்றித் திசை திருப்புவார். ஊரார் வாயில் இது 'புஷ் வண்டி' ஆயிற்று. பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒலியும் பொருளும் ஒத்துப்போனதால், இரண்டில் எது தமிழுக்குள் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளோர் இதில் சற்று நேரம் இன்பமாகக் கழிக்கலாம்.

நம் கவனத்துக்கு உரியது அந்த ஏற்பாடுதான். உழைப்பு ஒருவருடையது, திசை மற்றவருடையது. தள்ளுபவருக்கு முன்னால் வழி முழுதாகத் தெரியாது. வழி தெரிபவருக்கு மூச்சு வாங்காது. பயணி கைப்பிடியைத் தவறாகத் திருப்பினாலும் வண்டியைத் தாங்கி நிறுத்த வேண்டியவர் பின்னால் நிற்பவரே. குடியேற்ற ஆட்சியை விளக்க இதைவிடத் தெளிவான ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது என்று மாணவர்களிடம் நாம் சொல்வதுண்டு.

புஷ் வண்டி இவ்வூரில் ஓட முடிந்ததற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். நிலம் ஏறக்குறையச் சமதளம். நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் வீதிகள், 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் திட்டத்திலிருந்து வந்தவை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளிய பின்னும் அந்தக் கட்டமைப்பு மீண்டு வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இரயில் வந்தது. நிலையத்தில் இறங்கியவர் வீடு போய்ச் சேர வேண்டிய கடைசி ஒரு மைல், இரண்டு மைல் இருக்கிறதே, அதுதான் இத்தகைய வண்டிகளின் களம். இன்று ஸ்கேட்போர்டு விற்பவர்கள் சொல்வதும் அதே கடைசி மைலைத்தான்.

ஊருக்கு வெளியே கதை வேறு. 1908இல் இங்கு வந்து பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதி, கருவடிக்குப்பத்து மாந்தோப்பை நாடிப் போனதும், 'குயில் பாட்டு' அத்தோப்போடு இணைத்துப் பேசப்படுவதும் வாசகர் அறிந்தவை. அருகில்தான் 1837இல் சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகளின் கோயில். அன்று அது நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூர். சிறு சக்கரங்களின் ஆட்சி கல் பாவிய வீதி முடியும் இடத்தோடு முடிந்துவிடும். அப்பால் மாட்டு வண்டி, இல்லையேல் கால்நடை.

ஆளுக்குப் பதில் எந்திரமே தள்ளினால் என்ன என்ற எண்ணமும் அந்தக் காலத்ததே. பாரதி இங்கு இருந்தபோதே, 1915இல், நியூயார்க்கில் 'ஆட்டோபெட்' என்ற வண்டி விற்பனைக்கு வந்தது: நின்றுகொண்டு செல்லும் பலகை, முன் சக்கரத்தில் எந்திரம். 1921 அளவில் அங்கே அதன் உற்பத்தி நின்றது. 1970களில் அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் பலகைகள் வந்தன. இரைச்சலும் ஆபத்தும் அவற்றை வீழ்த்தின. 2012இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய 'பூஸ்டட்' மின்பலகை உலகப் புகழ் பெற்றது; 2020இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் இதை ஒருமுறை புதிதாகக் கண்டுபிடித்து, வியந்து, கைவிடுகிறது.

மாணவரின் கேள்விக்கு வருவோம். கருவடிக்குப்பத்திலிருந்து நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டு நிமிடம், நடந்தால் ஐம்பது. கணக்கு பலகையின் பக்கம்தான். ஆனால் பலகையின் சக்கரம் பெரும்பாலும் ஒன்பது, பத்துச் சென்டிமீட்டர் விட்டமுடையது. இரண்டு சென்டிமீட்டர் உயரக் கல் சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு பொருட்டன்று; இதற்கோ அது ஆரத்தில் பாதியை நெருங்கும் சுவர். சக்கரம் நிற்கும், நின்றவர் நிற்க மாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துக்கும் இருசக்கர வண்டிக்கும் இடையே, ஓரத்து மணலிலும் தோண்டி மூடிய பள்ளங்களிலும் இது நாள்தோறும் நடக்கக்கூடியது. மோட்டாரே தடையாகவும் இயங்கும் பலகைகளில், மின்கலம் முழுதும் நிரம்பியிருக்கும்போது அந்தத் தடை தளர்வதும் உண்டு. வீட்டிலிருந்து புறப்படும் முதல் நிமிடங்கள்தாம் அவை!

மழையைச் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது இவ்வூரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய நாளை விட்டுவிடுவோம். சாதாரண ஐப்பசித் தூறலே தரையிலிருந்து ஒரு சாண்கூட உயராத மின்கலத்துக்குப் போதும். நம் மாணவரும் அப்படித்தான் ஒரு மாலை பலகையைத் தோளில் சுமந்துகொண்டு, முழங்கையில் கட்டுடன் வந்தார். எட்டுக் கிலோ எடை. அன்று மட்டும் உழைப்பும் திசையும் ஒருவரிடமே இருந்தன என்று சொல்லிச் சிரித்தார்; நமக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டமும் குழப்பமானது. 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடையவை, சோதனை நிறுவனத்தின் சான்று பெற்றால், மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படா என்பது நம் நாட்டு விதி. சந்தையில் உள்ள பலகைகளில் பல இந்த வரம்பைத் தாண்டியவை. கலிஃபோர்னியா 2016 முதல் பதினாறு வயதும் தலைக்கவசமும் கட்டாயமாக்கி இவற்றைச் சாலையில் அனுமதித்தது. பிரிட்டனில் பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் அனுமதியில்லை.

ஆகவே நம் விடை: வெள்ளையர் பகுதியின் வீதிகளில், காய்ந்த நாளில், காலைக் கூட்டம் தொடங்குமுன், ஆம். கருவடிக்குப்பத்திலிருந்து அன்றாடம் என்றால், இல்லை, சைக்கிள் போதும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாத்தேரான் மலையூரில் ஆள் இழுக்கும் ரிக்‌ஷாக்களை நிறுத்த ஆணையிட்டபோது, மாற்றாகச் சொல்லப்பட்டது மின் ரிக்‌ஷாதான். மனிதனின் முதுகிலிருந்து பாரத்தை இறக்கும் எந்த மோட்டாரையும் நாம் ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் ஸ்கேட்போர்டு எவர் முதுகிலிருந்தும் எதையும் இறக்கவில்லை. அது நடப்பவரின் காலுக்குத்தான் ஓய்வு தருகிறது.

இதையெல்லாம் சொன்னபோது மாணவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மாலை ஆறு மணிக்குமேல் வாகனங்களுக்கு அடைக்கப்படும் கடற்கரைச் சாலையில் பலகையை ஓட்டலாமா, அது வாகனமா, அல்லவா என்று கேட்டார். நமக்குத் தெரிந்த இலக்கணத்தில் விடை இல்லை. தடுப்பருகே நிற்கும் காவலரிடம் கேட்கச் சொன்னோம்.