அப்பச்சோடாவில் அலுமினியம் இருக்கிறதா?

அப்பச்சோடாவில் அலுமினியம் கலந்திருக்கிறது, அது மூளையைப் பாதிக்கும் என்ற பேச்சு அவ்வப்போது சுற்றி வருகிறது. சிறுநீரக நோயாளர் இருக்கும் வீடுகளில் இதைப் பயத்தோடு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: சோடாவில் அலுமினியம் இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, உண்மையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் முழுமையாகும்.

அப்பச்சோடாவின் இரசாயனப் பெயர் சோடியம் இருகாபனேற்று. சோடியம், ஐதரசன், காபன், ஒட்சிசன் ஆகிய நான்கு மூலகங்களே அதில் உள்ளன. 1860களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஏர்னஸ்ட் சொல்வே உருவாக்கிய முறையில் உப்புநீர், அமோனியா, சுண்ணக்கல் ஆகியவற்றைக் கொண்டு இது தயாரிக்கப்படுகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நிலத்தடியில் கிடைக்கும் திரோனா என்ற கனியத்திலிருந்தும் எடுக்கிறார்கள். இரண்டு முறையிலும் அலுமினியம் மூலப்பொருள் அல்ல.

அப்படியானால் சில சோடாப் பொதிகளில் ‘அலுமினியம் அற்றது’ என்று ஏன் அச்சிடுகிறார்கள்? தேங்காயெண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று எழுதுவது போலத்தான். சொல்வது உண்மை. ஆனால் மற்றப் பொதிகளில் அது இருக்கிறது என்ற எண்ணத்தை வாங்குபவரின் மனதில் விதைத்துவிடுகிறது.

குழப்பத்தின் வேர் பேக்கிங் பவுடரில் இருக்கிறது. அது சோடாவோடு ஓர் அமிலப் பொருளும் மாப்பொருளும் சேர்ந்த கலவை. அந்த அமிலப் பொருள் சில தயாரிப்புகளில் சோடியம் அலுமினியம் சல்பேற்றாகவோ சோடியம் அலுமினியம் பொசுபேற்றாகவோ இருக்கும். சூடு ஏறும்வரை பெரும்பாலும் காத்திருந்து, அடுப்பில் வைத்த பிறகு கேக்கைப் பொங்கச் செய்வதால் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கல்சியம் பொசுபேற்று அல்லது கிறீம் ஒஃப் டாட்டர் சேர்த்த, அலுமினியம் இல்லாத பவுடர்களும் உண்டு.

இந்தப் பயத்துக்கு வியாபாரப் போட்டியும் உரம் போட்டது. அமெரிக்காவில் கிறீம் ஒஃப் டாட்டர் சேர்த்த பவுடரை விற்ற ரோயல் நிறுவனம், படிகார வகை சேர்த்த மலிவான பவுடர்கள் நஞ்சு என்று நீண்டகாலம் பிரசாரம் செய்தது. 1899 இல் மிசூரி மாநிலம் அவற்றைத் தடையும் செய்தது. பின்னர் அந்தச் சட்டத்தின் பின்னால் இலஞ்சம் இருந்தது அம்பலமானது.

அலுமினியம் உண்மையிலேயே ஆபத்தானதா? உணவில் வரும் அலுமினியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்கே உடலில் சேர்கிறது. அதையும் ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உணவு சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு 2011 இல் விதித்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 மில்லிகிராம். அல்சைமர் நோய்க்கு உணவிலுள்ள அலுமினியம் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நிலை வேறு. 1970களில் டயலிசிஸ் நீரில் இருந்த அலுமினியத்தால் நோயாளர்களின் மூளை பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. எனவே அத்தகையவர்கள் பேக்கிங் பவுடரின் உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்குவது நியாயமானதே.

நம் சமையலறையில் அலுமினியம் சேரக்கூடிய இன்னொரு வழி சட்டி. கடலை சீக்கிரம் அவிய வேண்டும் என்று சோடா போட்டு அலுமினியச் சட்டியில் வேகவைப்பது பல வீடுகளில் வழக்கம். சோடா காரத்தன்மை உள்ளது. அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைக் காரம் அரிக்கும். சட்டி கறுப்பதும் அதனால்தான். புளியும் தேசிக்காயும் கூட அப்படியே. கடலையை மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஊறவைத்து அவித்தால் இந்தக் கவலை இல்லை.

நோயாளர்கள் சோடாவில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது சோடியத்துக்கு. சோடாவின் எடையில் கால்பங்குக்கு மேல் சோடியம். ஒரு மட்டத் தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் இருக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே பரிந்துரைக்கிறது. அப்பமாவில் போடும் ஒரு சிட்டிகை பலருக்குப் பகிரப்படுவதால் பெரிய விடயமல்ல. நெஞ்செரிவுக்குத் தண்ணீரில் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடிப்பது அப்படியல்ல. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் பரவியுள்ள நம் நாட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சோடா குடிக்கக் கூடாது.

வாங்கும்போது இதைப் பாருங்கள். சோடாப் பொதியில் சோடியம் பைகாபனேற்று என்ற ஒரே பெயர் அல்லது 500 என்ற இலக்கம் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடரில் 521 அல்லது 541 இருந்தால் அலுமினியம் உண்டு. கடையில் பிரித்துக் கட்டிய பெயரில்லாத பொதி என்றால், சிறிது எடுத்துச் சுடுநீர் விடுங்கள். நன்றாக நுரைத்தால் அது பேக்கிங் பவுடர். சுடுநீரில் பெரிதாக நுரைக்காமல் தேசிக்காய்ச் சாறு விட்டதும் பொங்கினால் அது சோடா.