சென்னையில் அறிவிக்கப்பட்ட 6174

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும் ஏதாவது ஒரு டிஎன் 25 வண்டியின் நான்கு இலக்க நம்பரை எடுத்துக் கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வரும் விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். உதாரணமாக 2004. 4200 - 0024 = 4176. அடுத்து 7641 - 1467 = 6174. அதற்குப் பிறகு எத்தனை முறை கழித்தாலும் 6174 தான். எந்த நம்பரில் ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

1946ல் இதைக் கண்டுபிடித்தவர் டி.ஆர். கப்ரேகர். அறிவித்தது 1949ல், நம்ம சென்னையில் நடந்த கணித மாநாட்டில். 1905ல் மகாராஷ்டிராவின் தஹானுவில் பிறந்தவர். முதுகலைப் படிப்பு கிடையாது. 1930 முதல் 1962 வரை நாசிக் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். 297ஐ வர்க்கப்படுத்தினால் 88209. அதை வெட்டிக் கூட்டினால், 88 + 209, திரும்பவும் 297! இப்படிப்பட்டவற்றுக்கு இன்று கப்ரேகர் எண்கள் என்றே பெயர். எல்லாம் பேப்பரும் பென்சிலுமாகத் தேடியது.

இந்தியக் கணிதவியலாளர்கள் பலர் இதெல்லாம் அற்பம் என்று சிரித்தார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நாம் பத்தடிமானத்தில் எண்ணுவதால் வரும் குணம் இது, அடிமானத்தை மாற்றினால் 6174 காணாமல் போய்விடும். ஆனால் 1975ல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய பிறகு உலகமே கப்ரேகரைத் தெரிந்து கொண்டது. அப்போது அவருக்கு வயது 70. பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்துக் கொண்டிருந்தவர். 1986ல் காலமானார்.

இன்றைக்கு பைத்தானில் பத்து வரி போதும். எண்ணை எழுத்துச்சரமாக மாற்றி, வரிசைப்படுத்தி, திருப்பிப் போட்டுக் கழிக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கவனம். 2111 - 1112 = 999. இதை 0999 என்று நான்கு இலக்கமாக வைக்காவிட்டால் அடுத்த படியில் 999 - 999 = 0 என்று புரோகிராம் தப்பான விடை சொல்லும். சரியாக எழுதினால், 0000 முதல் 9999 வரை உள்ளவற்றில் ஒரே இலக்கம் கொண்ட பத்தைத் தவிர மீதி 9990ம் அதிகபட்சம் ஏழு படியில் 6174க்கு வந்துவிடுவதைப் பார்க்கலாம். ஒன்று விடாமல் சோதித்து விட்டதால் இதுவே முழு நிரூபணமும்கூட. மூன்று இலக்கத்துக்கு 495. ஐந்து இலக்கத்தில் இப்படி ஒற்றை எண் கிடையாது, சுழற்சிதான்.

அவர் பிறந்த 1905, மாநாடு நடந்த 1949 இரண்டுமே முழுசாக ஏழு படி எடுப்பவை. போட்டுப் பாருங்கள்.