கண்ணிற் படியும் துகளும் விழித்திரை நாள அடைப்பும்

வரலாறு என்றதும் மன்னர்தம் போர்களையே நினைவுகூரும் மாணவர்க்கு, ஒரு நோயின் பெயருக்கும் வரலாறு உண்டென்பது வியப்பாகலாம்.

முதியோர் சிலருக்கு ஒரு கண் நோவின்றித் திடீரென மங்கிவிடுவதுண்டு. 1851இல் எல்ம்கோல்ற்சு என்னும் யேர்மானிய அறிஞர் கண்ணின் உட்புறத்தை நோக்குங் கருவியை அமைத்தபின்னரே, அவ்வாறு மங்கிய கண்ணின் விழித்திரையிற் குருதி சிதறிக்கிடத்தலை மருத்துவர் நன்கு காணலாயினர். விழித்திரையினின்றும் குருதியை வெளிக்கொணரும் நடுநாளத்திற் குருதி உறைந்து அடைத்தலே இதற்குக் காரணமென யூலியசு வொன் மிகெல் 1878இல் விளக்கினார்.

1917இல் பின்லாந்திலே யோன் லிண்ட்பேர்க் என்பார், முதியோரின் கண்மணி விளிம்பில் நீலச்சாம்பல் நிறத் துகள்கள் படிந்திருத்தலையும், அவருட் பலர் கண்ணுள் அழுத்தம் மிகும் குளுக்கோமா நோயுடையராதலையும் கண்டு எழுதினார். அவர்தம் நூல் சுவீடிய மொழியில் அமைந்தமையாற் பிறநாட்டார் அதனைப் பெரிதும் அறிந்திலர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1989இலேயே வெளிவந்தது!

இதற்கிடையில், 1925இல் சுவிற்சலாந்தின் அல்பிரெட் வோக்ட், அத்துகள்கள் கண்வில்லையின் உறை உரிந்து வீழ்ந்தவை எனக் கருதினார். 'உரிவு' என்னும் பெயர் நிலைபெற்றது. உண்மையில் உறை உரிதல், உலை வெப்பத்தின் முன் நின்று கண்ணாடி ஊதுந் தொழிலாளரிடமே காணப்பட்டது. அதனை 1922இல் எல்சினிக் கூறியிருந்தார். முதியோரின் துகள்கள் உறைமேல் வந்து படிபவையேயென அமெரிக்க மருத்துவரான தியோபால்ட் அம்மையார் 1954இல் எடுத்துக்காட்டிப் 'போலி உரிவு' எனத் திருத்தினார். எனினும் பழைய பெயர் முற்றாக ஒழியவில்லை. கொலம்பசு இட்ட 'இந்தியர்' என்னும் பெயரும் அவ்வாறே நின்றதன்றோ?

பெயர்ப்பிழை வெறுஞ் சொற்பிழையன்று. வில்லையின் தோல் உரிவதே நோயாயின், கண்ணின் பின்புறத்து நாளத்துக்கும் அதற்கும் யாது தொடர்பு? 1992இல் யேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்ந்தோர், அத்தகைய இழைப்பொருளை நெஞ்சு, நுரையீரல் முதலிய உறுப்புகளிலுங் கண்டனர். நோய் உடல் முழுவதையுஞ் சார்ந்ததெனத் தெரிந்தபின் அவ்வினா புத்துயிர் பெற்றது.

தொடர்புக்கு வழிகள் இரண்டு கூறப்படுகின்றன. துகள்கள் கண்ணீர்மம் வடியும் சல்லடையை அடைக்க, அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பின் வாயிலில் நாளம் நெருக்குண்ணலாம். அன்றி, அப்பொருள் குருதிக்கலங்களின் சுவரையே கெடுக்கலாம். முன்னையதற்கு வலுவான சான்றுண்டு. குளுக்கோமா உடையோரிடம் நாள அடைப்பு மிகுதியென்பது நெடுங்காலம் அறிந்ததே. பின்னையதை யான் இன்னும் கருதுகோளாகவே கொள்வேன். இரு நோயும் முதுமைக்கு உரியவையாதலின், ஒருவர்பால் இரண்டும் கூடுதல் தற்செயலாகவும் நிகழும். இரண்டுக்கும் தொடர்பு உண்டெனச் சில ஆய்வுகள் கூற, வேறு சிலவற்றில் அது தெளிவாகத் தோன்றவில்லை.

கணக்குகள் வேறுபடுதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. வில்லையின் ஓரத்துப் படிவு கதிராளியின் பின்னே மறைந்திருப்பது. மருந்திட்டுக் கண்மணியை விரித்து நோக்காத மருத்துவர்க்கு அது பெரும்பாலும் புலப்படுவதில்லை.