ஓலையும் மனப்பாடமும்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பிரம்பு, கோதண்டம், கூச்சல், அர்த்தம் புரியாத மனப்பாடம் என்று ஒரு சித்திரம் எழுகிறது. சித்திரம் பொய்யல்ல. ஆனால் மனப்பாடம் ஏன் அங்கே கல்வியின் அச்சாணியாக இருந்தது என்று கேட்க அது நம்மை விடுவதில்லை.

விடை ஓலையில் இருக்கிறது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் பேதம் கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். 'கல' என்றிருப்பது கல்லாகலாம், 'கொடு' கோடாகலாம், 'பா' என்பது 'பர'வாகலாம். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இப்படிப்பட்ட ஏட்டைக் கண் தனியே படித்துவிட முடியாது. காது முன்னமே அறிந்திருந்தால்தான் கண்ணுக்கு வழி தெரியும். ஆகவே பையன் மணலில் விரலால் எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொன்னான். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் உருப்போட்டான். முந்திரி எனப்படும் 1/320 வரை பின்னங்களை எண்சுவடி அவன் வாயில் ஏற்றியது. ஏடு அவன் நினைவுக்குச் சாட்சி. நினைவுக்குப் பதிலாக வந்ததல்ல.

இந்த முறையைப் பார்த்த வெளியாருக்கு மணல்தான் கண்ணில் பட்டது. 1623-இல் கன்னட மலைநாட்டில் பயணம் செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் தமக்குள் ராகமிட்டுச் சொல்லி, மணலில் எழுதி, ஆசிரியரின்றிக் கணக்குப் பயின்றதைக் குறித்து வைத்தார். 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், வழியில் கண்ட ஒரு 'மலபார்'ப் பள்ளியிலிருந்து மணலை எடுத்துக்கொண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தார்கள். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிப்பதைத் தன் கண்டுபிடிப்பென்று 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். நம் சட்டாம்பிள்ளைக்கு அதில் பங்கு எவ்வளவு என்பது வாதத்துக்குரியது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. போனது மணலும் சிக்கனமும்தான். காதுக்கும் ஏட்டுக்கும் இருந்த உறவு கப்பலேறவில்லை.

இதற்காகத் திண்ணையைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டுத் திரட்டிய கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்த்து 12,498, மாணவர் 1,88,650. அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பிராமணரல்லாத பையன்கள் அங்கே ஏராளமாகப் படித்தார்கள் என்று தரம்பால் 1983-இல் இக்கணக்குகளை வெளியிட்டுக் காட்டியது முக்கியமானது. ஆனால் திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவனுக்கு அது பள்ளிக்கூடமாக இருந்ததில்லை. அவனுக்குக் கதவைத் திறந்தவை, பல எதிர்ப்புகளுக்கிடையில், பின்னால் வந்த மிஷன் பள்ளிகளும் அரசாங்கப் பள்ளிகளும்தான்.

அச்சு வந்தது. புள்ளி நிலைத்தது. வீரமாமுனிவர் வகுத்த ஏகார ஓகார வேறுபாடு அச்செழுத்தில் ஊன்றியது. சொற்கள் பிரிந்து நின்றன. முன்பின் கேட்டிராத ஒரு வரியைத் தனியாக, மௌனமாக, ஒருவன் படித்துவிடலாம் என்பது தமிழில் அப்போதுதான் சாதாரண விஷயமாயிற்று. நாவலும் புதுக்கவிதையும் இந்த வாசகனை நம்பித்தான் பிறந்தன.

மனப்பாடத்துக்கான காரணம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஓலைக்கு இருந்த மரியாதை பாடப்புத்தகத்துக்கு வந்தது. வினாவும் விடையும் சேர்ந்தே உருப்போடப்பட்டன. திண்ணையில் மனப்பாடம் வாசிப்புக்கு வழியாக இருந்தது. வகுப்பறையில் அது வாசிப்பைத் தவிர்க்கும் வழியாகிவிட்டது. எழுத்தறிந்தவர் தொகை பெருகியும் வாசகர் தொகை ஏன் கூடவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அது இதுவரை பார்த்திராத ஒரு பத்தியை நீட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.