மாதிரித் தரவுக்குள் யார் இருக்காங்க? ஸ்காட்–டைகர் முதல் தாமிரபரணி வரை

இன்னைக்குப் பேசப்போறது பார்க்கச் சின்ன விஷயம்தான். இப்போ ஏஐ கிட்ட "எனக்கு ஒரு ஆப் செஞ்சு குடு"ன்னு தமிழ்லயே கேட்டாப் போதும், கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன், பட்டன், லாகின் எல்லாம் வந்துடுது. அதுக்கப்புறம் ரெண்டு கேள்வி வரும். இந்த ஆப் யார் பேர்ல இருக்கிற கிளவுட் கணக்குல ஓடப்போகுது? அதுக்குள்ள முதல்ல போடுற தரவு யாருடையது?

இந்த ரெண்டு கேள்விக்கும் கிட்டத்தட்ட ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. அதுல ஒரு பகுதி நம்ம பொருநைப் பக்கத்துலயே நடந்திருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பூனை பேர்ல ஒரு பாஸ்வேர்ட்

பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1977-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் ஆரம்ப காலப் பொறியாளர்களில் ஒருவர் புரூஸ் ஸ்காட். டேட்டாபேஸ் வாங்குபவர்கள் தொட்டுப் பார்த்துப் பழக ஒரு மாதிரிக் கணக்கு வேணும்னு, தன் பேரையே பயனர் பேரா வெச்சார். பாஸ்வேர்ட் டைகர். அது வீட்டுப் பூனையோட பேரு.

அந்தக் கணக்குக்குள்ள நாலு துறை, பதினாலு ஊழியர்கள். தலைவர் கிங், சம்பளம் 5000. குமாஸ்தா ஸ்மித், சம்பளம் 800. ஆரக்கிள் கோர்ஸ் படிச்சவங்களுக்கு இந்தப் பதினாலு பேரும் சொந்தக்காரங்க மாதிரி. "2000-க்கு மேல சம்பளம் வாங்குறவங்க யாரு?"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் பல பேர் எஸ்க்யூஎல் கத்துக்கிட்டாங்க.

பிரச்சினை எங்க வந்ததுன்னா, பழகுறதுக்காக வெச்ச கணக்கை, நிஜ வேலை நடக்கிற சர்வர்லயும் அப்படியே விட்டுட்டாங்க. பாஸ்வேர்டோ உலகத்துக்கே தெரிஞ்ச பாஸ்வேர்ட். அதனால பிற்காலப் பதிப்புகளில் ஆரக்கிள் இந்தக் கணக்கைப் பூட்டியே கொடுக்க ஆரம்பித்தது. மாதிரியும் நிஜமும் ஒரே வீட்டுல குடியிருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இது முதல் பாடம்.

ஆழ்வார்திருநகரி உள்ளே போகாது

அடுத்தது நார்த்விண்ட். 1990-களில் மைக்ரோசாஃப்ட் தன் ஆக்சஸ் மென்பொருளோடு கொடுத்த மாதிரி டேட்டாபேஸ். உணவுப் பொருள் ஏற்றுமதி இறக்குமதி செய்யும் ஒரு கற்பனை கம்பெனி. அதோட வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்காங்க.

அதன் ஊழியர் அட்டவணையைப் பாருங்க. முதல் பெயருக்குப் பத்து எழுத்து. குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். சிவசுப்பிரமணியன்னு ஆங்கிலத்துல எழுதினா பதினஞ்சு எழுத்து வரும், பத்துக்குள்ள அடங்காது. ஊர் பெயருக்குப் பதினஞ்சு எழுத்து விட்டிருக்காங்க. பாளையங்கோட்டை பிழைச்சுக்கும். ஆழ்வார்திருநகரியை ஆங்கிலத்துல எழுதினா பதினாறு, ஒரு எழுத்து வெளியே நிக்கும்.

அதே ஊரைத் தமிழ்ல எழுதினா கதை வேற. நம்ம கணக்குல ஒன்பது எழுத்து. யூனிகோடு கணக்குல புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி, அதனால பதினஞ்சு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் நாற்பத்தஞ்சு பைட். ஸ்மித்தையும் கிங்கையும் மட்டும் போட்டுச் சோதிச்ச ஆப்புல இந்தச் சிக்கல் எதுவும் கண்ணுலயே படாது. நிஜமான ஆள் படிவம் நிரப்பும்போதுதான் படும். மாதிரித் தரவுல யார் இல்லையோ, அவங்களுக்காக யாரும் அந்த ஆப்பைச் சோதிக்கலைன்னு அர்த்தம்.

மூணு டேட்டாபேஸ், மூணு வேலை

கணினி தானே ஆப் எழுதுவது புதுசு இல்ல. 2004-ல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸில் ஒரு கட்டளை கொடுத்தா, பதிவு சேர்க்க, பார்க்க, திருத்த, அழிக்கத் தேவையான பக்கங்கள் எல்லாம் உருவாகிடும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரின்னு அதுக்கு அந்தப் பேரையே வெச்சாங்க.

அந்த வேகத்தை எல்லாரும் பாராட்டினாங்க. ஆனா அதே ரெயில்ஸ் இன்னொரு பழக்கத்தையும் கத்துக்கொடுத்தது. ஆரம்பத்துலயே மூணு டேட்டாபேஸ்: உருவாக்க ஒண்ணு, சோதிக்க ஒண்ணு, மக்கள் பயன்படுத்த ஒண்ணு. மாதிரித் தரவு முதல் ரெண்டோட நின்னுடணும். ஸ்காட்–டைகர் பாடத்துக்குக் கிடைச்ச விடை இது.

கணக்கு தொடங்கக் கார்டு வேணும்

2006 மார்ச்சில் அமேசான் தன் சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் வாடகைக் கணினிச் சேவையையும் தொடங்கியது. சர்வர் வாங்க வேண்டாம், மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கலாம். 2016 ஜூனில் மும்பையிலும் அமேசானின் மையம் வந்தது.

ஆனா அப்போ கணக்கு தொடங்கக் கிரெடிட் கார்டு மாதிரி ஒரு கார்டு கேட்டாங்க. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பையனுக்கோ பொண்ணுக்கோ ஏது கிரெடிட் கார்டு? அப்பா கார்டு, அண்ணன் கார்டு. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகளைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேல போனா ஒவ்வொரு முறையும் ஓடிபி வேணும். நமக்குப் பாதுகாப்புதான். ஆனா மாசாமாசம் தானா பணம் எடுத்துக்கிட்டிருந்த கிளவுட் கணக்குகள் பல தடுமாறின.

கார்டு இல்லாதவங்களுக்கு ஹெரோக்கு மாதிரி இலவசத் தளங்கள் கைகொடுத்தன. 2022 நவம்பர் 28 முதல் ஹெரோக்குவும் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. காசு கட்டாத கணக்குல ஓடிக்கிட்டிருந்த மாணவர் புராஜெக்டுகள் நின்னுபோச்சு. இலவசமா வந்த வீட்டுல எத்தனை நாள் இருக்கலாம்ங்கிறது வீட்டுக்காரர் கையிலதான் இருக்கு.

மத்தளம்பாறை

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சிற்றாறு தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேருது. அந்தத் தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறை. 2011-ல் ஸோஹோ அங்கே அலுவலகம் தொடங்கியபோது தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2016-ல் வெளிவந்த ஸோஹோ டெஸ்க், தென்காசியில் உருவான மென்பொருள்.

நம்ம கதைக்கு முக்கியமானது அதே நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஸோஹோ கிரியேட்டர். படிவத்தை வரைஞ்சா அட்டவணை தானா உருவாகும். எக்செல் கோப்பைக் கொடுத்தாலும் ஆப் ஆகிடும். தனியா டேட்டாபேஸ் நிறுவ வேண்டாம், சர்வர் கணக்கும் வேண்டாம். கடை வெச்சிருக்கிற அண்ணாச்சிகூட சரக்குப் பட்டியலை ஆப் ஆக்கலாம்.

இங்க ஒரு திருப்பம் இருக்கு, கவனிங்க. ஸ்காட்டும் நார்த்விண்டும் கற்பனை. எக்செல் கோப்பை ஏத்துற காலம் வந்ததும், கையில இருக்கிற நிஜப் பட்டியலே "சும்மா பார்க்கலாம்"னு மாதிரித் தரவா உள்ள போக ஆரம்பிச்சது. வாடிக்கையாளர் பேரு, போன் நம்பர், பாக்கித் தொகை, எல்லாமே.

2025: ஒரு வருஷம், ரெண்டு எச்சரிக்கை

2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி "வைப் கோடிங்" என்ற சொல்லைக் கொடுத்தார். கோடைப் படிக்காமலே, பேசிப் பேசி ஆப் செய்றது. லவ்வபிள், ரெப்ளிட் போன்ற தளங்கள் பக்கத்தோடு டேட்டாபேஸையும் சேர்த்தே இணைச்சுக் கொடுத்தன.

அதே வருஷம் லவ்வபிள் மூலம் உருவான 1,645 ஆப்களை ஆய்வு செய்தபோது, 170-ல் டேட்டாபேஸ் தகவல்களை வெளியாள் எடுக்க முடிந்தது தெரிய வந்தது. காரணம் எளிமையானது. இந்த வகை ஆப்புல பிரவுசரே நேரா டேட்டாபேஸோட பேசும். அதுக்கான சாவி எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவி. எந்த வரிசையை யார் பார்க்கலாம்னு டேட்டாபேஸுக்குள்ள தனியா விதி எழுதணும். அந்த விதி இல்லைன்னாலோ தப்பா இருந்தாலோ, வாசல்ல பூட்டு இருக்கும், பின்கட்டு திறந்திருக்கும்.

ஜூலையில் இன்னொன்று. எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தும், ரெப்ளிட்டின் ஏஐ ஒரு தொழில்முனைவோரின் நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். உருவாக்குற டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரிக்கும் வசதியை அதற்குப் பிறகு கொண்டுவந்தார்கள். ரெயில்ஸ் இருபது வருஷம் முன்னாடியே சொன்ன பாடம்!

சட்டமும் வந்தாச்சு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆத்தையே மாதிரியா வைக்கலாம்

அப்போ எந்தத் தரவைப் போட்டுப் பழகுறது? நம்ம ஆத்தையே போடலாம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள்.

எட்டு எப்படிப் பதினொண்ணு ஆச்சு? கோடைமேலழகியான், மருதூர், ஸ்ரீவைகுண்டம் மூணுலயும் ரெண்டு ரெண்டு கால்வாய். மத்த அஞ்சுலயும் ஒண்ணொண்ணு. ஒண்ணுக்குப் பல உறவுன்னு டேட்டாபேஸ் வகுப்புல சொல்றது இதைத்தான்.

பேரை வெச்சே இணைச்சுடலாம்னு நினைச்சா முடியாது. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து போறது கோடகன் கால்வாய், பழவூர்ல இருந்து பாளையங்கால்வாய். அதனால ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, கால்வாய் அட்டவணையில் அந்த எண்ணைத்தான் எழுதணும். பருவத்தையும் சேருங்க. கார் சாகுபடி ஒரே வருஷத்துல முடியும். பிசானம் ஒரு வருஷத்துல நட்டு அடுத்த வருஷம் அறுவடை. வருஷத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுற ஆப் இங்க மாட்டிக்கும். கால்வாய் பாசனத்தை நம்பி இருக்கிறவங்களுக்கு அந்தப் பிழை சாதாரண விஷயம் இல்ல.

யாரோட போன் நம்பரும் இல்ல, கடனும் இல்ல. வெளியே கசிஞ்சாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல.

கணக்கு தொடங்கும்போது

கடைசியா, இந்த வரலாறு சொல்லித் தர்றதைச் சுருக்கமா சொல்றேன்.

கிளவுட் கணக்கை ஆப்போட சொந்தக்காரர் மின்னஞ்சல்ல தொடங்குங்க, செஞ்சு கொடுக்கிறவர் மின்னஞ்சல்ல இல்ல. அவர் வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டா ஆப்பும் கூடவே போயிடும். ரெண்டு கட்ட லாகினை அன்னைக்கே போடுங்க. செலவு இவ்வளவு தாண்டினா மெயில் வரட்டும்னு எச்சரிக்கை வையுங்க. தரவு எந்த நாட்டு மையத்துல இருக்கணும்னு பதிவு செய்யும்போதே பார்த்துக்கோங்க, அப்புறம் மாத்துறது சிரமம். ரகசியச் சாவிகளை கோடுக்குள்ள எழுதாதீங்க. பழக ஒரு டேட்டாபேஸ், நிஜத்துக்கு ஒரு டேட்டாபேஸ். ஏஐக்குப் பழகுற டேட்டாபேஸோட சாவியை மட்டும் கொடுங்க. மாதிரித் தரவை ஒரு தனிக் கோப்பா வெச்சா, எப்ப வேணும்னாலும் அழிச்சுட்டுத் திரும்ப ஏத்தலாம்.

ஆப் தயாரானதும், ஆழ்வார்திருநகரியில இருக்கிற, இனிஷியல் மட்டும் உள்ள ஒருத்தர் பேரைத் தமிழ்ல போட்டுச் சேமிச்சுப் பாருங்க. அதே பேர் முழுசாத் திரும்பி வந்தா, அடுத்த வேலைக்குப் போகலாம்.